இருமல்காரர் வீட்டுக்கு ஒரு மனு

என் வாழ்நாளில் எத்தனையோ மனுக்கள் எழுதியிருக்கிறேன். அவற்றில் நன்றாக அமைந்தது எது என்று கேட்டால், கோலார் தங்கவயலில் இருமல்காரர்களுக்கு ஒரு கூரை கேட்டு எழுதினேனே, அதைத்தான் சொல்வேன். ஒரு வார்த்தை கூடுதல் கிடையாது, ஒரு வார்த்தை குறைவு கிடையாது. கேட்டது கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். கிடைக்காமல் போனதோடு நின்றிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அப்போது ரயில் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மின்சாரம் இன்னும் வரவில்லை. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். என் அண்ணன் சுரங்கத்துக்குள் பாறையில் வெடிமருந்து வைக்கத் துளை போடுகிறவன். வேலூர்ப் பக்கத்திலிருந்து முதலில் வந்தவன் அவன்தான். பிறகு என்னையும் அழைத்துக்கொண்டு வந்து பள்ளிக்கூடத்தில் விட்டான். "கீழ எறங்கறதுக்கு வூட்டுக்கு ஒரு ஆள் போதும்டா. நீ மேலயே இரு" என்றான். நான் இங்கிலீஷ் படித்ததெல்லாம் அவன் தூசி குடித்த கூலியில்தான். ஒருநாளும் அவன் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

துளை போடுகிறவர்களுக்கெல்லாம் சில வருஷத்தில் ஓர் இருமல் வந்துவிடும். வைத்தியர்கள் அதற்குச் சளி என்று எழுதினார்கள், பனி என்று எழுதினார்கள், சாராயம் என்றுகூட எழுதினார்கள். பாறைத் தூசி என்று மட்டும் யாரும் எழுதிப் பார்க்கவில்லை. சாராயத்தைத் தொடாத என் அண்ணனுக்கும் அது வந்தது.

ஷிஃப்டுக்கு ஆள் எடுக்கிற விதத்தை இங்கே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் குழியின் வாயில் மேஸ்திரி ஆட்களை வரிசையாக நிற்க வைப்பான். சுரங்கத்துக்குள் வேலையை நடத்துகிற வெள்ளைக்காரரைக் கேப்டன் என்போம். அந்தக் கேப்டன் கையில் பிரம்போடு வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்து வருவார். எவனாவது இருமினால் பிரம்பால் அவன் தோளைத் தொடுவார். தொட்டவன் ஒதுங்கி நிற்க வேண்டும். அவனுக்கு அன்றோடு வேலை போயிற்று. வேலை போனால் கூலிக்காரர் லைனில் சுரங்கத்தார் கொடுத்திருந்த மூங்கில் தட்டிக் குடிசையும் போயிற்று.

அதனால் வரிசையில் நிற்கிற யாரும் இருமுவதில்லை. மடியில் சுக்குத் துண்டு முடிந்து வைத்திருப்பார்கள். கேப்டனுடைய பூட்ஸ் சத்தம் கேட்டதும் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வருகிற இருமலை அப்படியே விழுங்குவார்கள். கண்ணில் நீர் முட்டும், கழுத்து நரம்பு புடைக்கும், சத்தம் மட்டும் வராது. பிறகு ஆட்களை இறக்குகிற கேஜில், அந்த இரும்புக் கூண்டில், ஏறுவார்கள். கேஜ் இறங்க ஆரம்பித்ததும் அடக்கி வைத்ததையெல்லாம் விடுவார்கள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழி அந்தப் பக்கம்தான். பூமிக்குள்ளே இருமல் இறங்கி இறங்கித் தேய்ந்து போவதைத் தினமும் கேட்டிருக்கிறேன்.

ஒரு பனிக்காலத்து விடியற்காலையில் என் அண்ணனால் விழுங்க முடியவில்லை. பிரம்பு அவன் தோளைத் தொட்டது. அந்த வாரமே குடிசையைக் காலி செய்தார்கள். நான் இருந்ததோ பள்ளிக்கூடத்தின் பின்னால் ஒரு பாதி அறை. பிள்ளைகள் வருகிற இடத்தில் இருமல்காரரை வைக்கக் கூடாது என்று மிஷனில் மேலே உள்ளவர்கள் சொல்லிவிட்டார்கள். மில்லில் கல்லை அரைத்துக் கொட்டிய வெள்ளைப் பொடி மேடு ஒன்று இருந்தது. அதன் அடிவாரத்தில், என் அண்ணனுக்கு முன்பே வெளியே தள்ளப்பட்டவர்கள் சாக்கையும் தகரத்தையும் வைத்து ஒண்டிக்கொண்டிருந்தார்கள். என் அண்ணனும் அண்ணியும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். காற்று அடித்தால் பொடி பறந்து சோற்றில் விழும். எந்தத் தூசியால் வெளியே வந்தார்களோ அதே தூசிக்குப் பக்கத்தில் படுக்கை.

அண்ணி அதற்கு வெகுநாள் முன்பிருந்தே பிடியரிசி சேர்த்து வந்தாள். லைனில் ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். வெள்ளிக்கிழமை அண்ணி பையோடு போய் வாங்கி வந்து, மேட்டடியில் கிடப்பவர்களுக்குக் கஞ்சி காய்ச்சுவாள். இன்னும் நாலைந்து பெண்கள் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். அதற்குச் சங்கம் என்று பெயர் வைத்தவன் நான், மனுவில் எழுத ஒரு பெயர் வேண்டியிருந்ததே என்று. தன் புருஷனே மேட்டடிக்கு வந்த பிறகும் அவள் அந்தப் பையிலிருந்து தன் வீட்டுக்கு ஒரு குருணை எடுக்கவில்லை. கூலிக்குச் செங்கல் சுமந்து தனியாக உலை வைத்தாள். "இது என்ன வீம்பு, அண்ணனும் இருமல்காரன்தானே" என்று நான் கத்தினேன்.

"அது ஊரு அரிசி தம்பி. என் கை பட்டு என் வூட்டுக்குப் போச்சுன்னா நாளைக்கு எவளும் போட மாட்டா" என்றாள். "கஞ்சிக்கு நான் கீறேன். நீங்க இங்கிலீஷ் எழுதற ஆளு. எழுதி ஒரு கூரை வாங்கிக் குடுங்க. இந்தப் பனியில இவுரு தாங்க மாட்டாரு."

சென்னையில் ஒரு தர்ம நிதி இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். வியாபாரிகளும் வக்கீல்களும் சேர்ந்து நடத்துவது. அதற்கு ஒரு மனு எழுதி அனுப்பினேன். மனுவா அது? ஒப்பாரி. அடியேன், ஏழையேன், தங்கள் பாதமே கதி, கடவுளுக்கு அடுத்தபடி தாங்களே என்று நான்கு பக்கம். எனக்குத் தெரிந்த கடினமான இங்கிலீஷ் வார்த்தைகளையெல்லாம் அதில் இறக்கிவிட்டேன். படித்துப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. அண்ணிக்கு அதைத் தமிழில் சொன்னபோது அவளுக்குக் கலங்கவில்லை. அரிசி பொறுக்கிக்கொண்டே கேட்டுவிட்டு, "நல்லா கீது" என்றாள். மரியாதைக்குச் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

நிதியிலிருந்து பணம் வரவில்லை, கேள்விகள் வந்தன. எத்தனை பேர் நோயாளிகள்? இப்போது அவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? வீடு கட்டினால் நிலம் யாருடையது? கட்டின பிறகு நடத்துவது யார்? நீர் சொல்வது மெய் என்று நேரில் பார்க்க முடியுமா? எனக்கு வந்த கோபத்தில் காகிதத்தைக் கசக்கிப் போட்டேன். சாகக் கிடக்கிறவனைக் காட்டினால் நிலத்துக்குப் பத்திரம் கேட்கிறானே என்று திட்டினேன். இரண்டு நாள் கழித்து அதே காகிதத்தை நீவி நீவி எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான்கு பக்கம் அழுத நான் அந்தக் கேள்விகளில் ஒன்றுக்குக்கூடப் பதில் சொல்லியிருக்கவில்லை.

இரண்டாவது மனுவைப் பள்ளிக்கூடம் விட்ட பிறகு மாலை வேளைகளில் எழுதினேன். எழுதியதைவிட அடித்ததுதான் அதிகம். ஏழையேனை அடித்தேன், பாதத்தை அடித்தேன். முதல் வரியிலேயே பிடியரிசியை வைத்தேன். இந்தப் பெண்கள் இன்னின்ன வேலை செய்து பிழைப்பவர்கள், தங்கள் உலையிலிருந்து இதைக் கொடுக்கிறார்கள், இவ்வளவு காலமாகக் கொடுக்கிறார்கள் என்று எழுதினேன். சேற்றில் சிக்கிய வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறவனுக்கு யாரும் தோள் கொடுக்க மாட்டார்கள். அவன் முதலில் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். நாங்கள் தள்ளிக்கொண்டுதான் இருந்தோம், அதை எழுதத்தான் எனக்குத் தோன்றவில்லை. பிறகு இல்லாததைச் சொன்னேன்: ஒரு கூரை, பத்துப் பன்னிரண்டு கட்டில், பனி புகாத சுவர். கஞ்சி கேட்கவில்லை, கஞ்சி எங்களுடையது. கட்டிய பிறகு யார் பெருக்குவார்கள், யார் தண்ணீர் எடுப்பார்கள், கூரை ஒழுகினால் யார் பார்ப்பார்கள் என்பதையும் எழுதினேன். யாரையும் கெஞ்சவில்லை. ஒரே பக்கத்தில் முடிந்துவிட்டது. நேரில் பார்க்க ஒருவரை அனுப்புவதாக நாள் குறித்துப் பதில் வந்தது.

நிலம்தான் இடித்தது. அங்கே காலடி மண் எல்லாம் சுரங்கத்தாருடையது. மேட்டுக்கு அப்பால் ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. அதைக் கேட்டுக் கேப்டனுக்கும் எழுதினேன். நிதியிலிருந்து ஒருவர் பார்க்க வரும் நாளில் தாமே கூட வருவதாகவும், ஸ்டேஷனுக்குத் தம் வண்டியை அனுப்புவதாகவும் அவர் சொல்லியனுப்பினார். நான் தலைகால் புரியாமல் குதித்தேன். கேப்டனே வருகிறார் என்றால் நிலம் கைக்கு வந்த மாதிரிதான் என்று அண்ணியிடம் சொன்னேன். அவளும் சிரித்தாள். அந்த வருஷத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

குறித்த நாள் பிள்ளைகளுக்கு விடுமுறை. அன்று காலையில் பள்ளிக்கூடத்துக் கொட்டகையை ஒரு வேளைக்குக் கேட்டு வாங்கிப் பாய் விரித்து, மேட்டடிக்காரர்களைக் கொண்டுவந்து படுக்க வைத்தோம். சிலரைத் தூக்கிக்கொண்டுதான் வரவேண்டியிருந்தது. "யாரும் எழுந்திருக்க வேண்டாம். எப்படி இருக்கிறீர்களோ அப்படியே கிடங்கள். இருமல் வந்தால் அடக்காதீர்கள், நன்றாக இருமுங்கள்" என்று சொன்னேன்.

"இருமறதுக்குப் பாடம் நடத்தற வாத்தியாரை இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றார் ஒருவர்.

"இத்தினி வருசம் முழுங்கனதை எல்லாம் சேத்து வச்சி இருமிடலாம், வாத்தியாருக்குக் கொறை வைக்காதீங்க" என்றான் என் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்ததில் இருமல் கிளம்பி, கொட்டகையே கொஞ்ச நேரம் அல்லோலகல்லோலப்பட்டது. எனக்கு ஒரே திருப்தி. இதைக் கேட்டால் போதும், வந்தவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

வண்டி வந்து நின்றது. முதலில் இறங்கியவர் கேப்டன். சரளைக் கல்லின்மேல் அவருடைய பூட்ஸ் சத்தம் கேட்டது.

கொட்டகையில் இருமல் நின்றது. ஓரத்தில் படுத்திருந்தவர் எழுந்தார். பாயைச் சுருட்டிச் சுவரோரம் வைத்துவிட்டு நின்றார். அடுத்தவர் எழுந்தார். யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் தூக்கிக்கொண்டு வந்தவர்கள்கூட ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு எழுந்து, பிறகு பிடியை விட்டுவிட்டு நேராக நின்றார்கள். மடிகள் அவிழ்ந்தன, சுக்கு கன்னத்துக்குப் போயிற்று. நான் உள்ளே ஓடி, "படுங்க, படுத்துக்கோங்க" என்று ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இழுத்தேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. கேப்டன் வாசலில் வந்து நின்றபோது அவருக்கு முன்னால் ஒழுங்கான ஒரு வரிசை நின்றது. வரிசையில் மூன்றாவதாக என் அண்ணன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

சென்னையிலிருந்து வந்தவர் நல்ல மனிதர். அதை நான் மறுக்க மாட்டேன். கறுப்புக் கோட்டு, தணிந்த குரல், தமிழ் மட்டும் தெரியாது. சுற்றிப் பார்த்துவிட்டு, நோயாளிகள் எங்கே என்று என்னைக் கேட்டார். இவர்கள்தான் என்றேன். முதலில் நின்றவரைக் காட்டி, உனக்கு என்ன உபத்திரவம் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க. நல்லாத்தான் கீறேன்" என்றார் அவர்.

இதை எப்படி மொழிபெயர்ப்பது? சொன்னதைச் சொன்னேன். சொல்லிவிட்டு, இவர்கள் இருமலை அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள், வாயில் சுக்கு இருக்கிறது, கேப்டன் துரையைப் பார்த்து வேலைக்கு நிற்பதாக நினைத்துவிட்டார்கள் என்று எனக்கு வந்த இங்கிலீஷில் எல்லாம் சொன்னேன். வந்தவர் வரிசையைப் பார்த்தார். கண்ணில் நீர் முட்டியது தெரிந்திருக்கும். ஆனால் ஏழைகள் கண்ணில் நீர் இருப்பது அவருக்கு ஒன்றும் புதிதாக இருந்திருக்காது. கேப்டன் சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. வழக்கப்படி வரிசையைப் பார்த்துக்கொண்டே நடக்க ஆரம்பித்தார், கையில் பிரம்போடு.

அண்ணனுக்கு நேரே வந்ததும் நான், "அண்ணா, இருமுண்ணா" என்றேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். கெடுத்துவிடாதே என்கிற பார்வை. பிறகு ஓர் அடி முன்னால் வைத்து, சலாம் போட்டு, "எந்த லெவல்னாலும் எறங்கறேன் துரை" என்றான்.

அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. கேப்டன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அவனையும் அவனுக்கு அப்பால் நின்ற இன்னொருவரையும் பிரம்பால் காட்டி, திங்கட்கிழமை வரச்சொல் என்றார். திரும்பி, பார்த்தீர்களா, இங்கே உழைக்க நினைக்கிறவனுக்கு வேலைக்குக் குறைவில்லை என்று வந்தவரிடம் சொன்னார். வந்தவர் என் தோளில் கை வைத்து, உம்முடைய ஆர்வம் மெச்சத்தக்கது என்றார். நிலத்தைப் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். அவசியம் இல்லை என்றார்.

வண்டி கிளம்பித் திருப்பம் தாண்டும் வரை வரிசை கலையவில்லை. தாண்டியதும் வெடித்தது. ஆளுக்கு ஆள் சுவரைப் பிடித்துக்கொண்டும் தரையில் விழுந்தும் இருமினார்கள். ஒருவர் பாயெல்லாம் ரத்தம். அந்த இருமலில் பாதி, கால்வாசி, ஒரே ஒரு மூச்சு அந்த மனிதர் காதில் விழுந்திருந்தால் போதுமே என்று நான் வண்டி போன பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுதேன் என்றுதான் ஞாபகம். அண்ணி தண்ணீர்க் குடத்தோடு ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தாள்.

அண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"திங்கக்கெழமை வரச் சொல்லிட்டாருடா!"

"போகாதே அண்ணா. செத்துப் போவே."

"இங்க மட்டும் இன்னா வாழறேன்? வூடு திரும்பக் குடுப்பாங்க. ஒங்க அண்ணி இந்த மண்ணுமேட்டுல கெடக்க வாணாம்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டான். "எல்லாம் ஒன் மனுவாலதான்டா. நீ எழுதலன்னா கேப்டன் என்னைத் தேடிகினு வந்திருப்பாரா?"

அண்ணியைப் பார்த்தேன். போக வேண்டாம் என்று அவள் சொல்லுவாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து பாயை அலசிக்கொண்டிருந்தாள். ஒரு கூரைக்காகத்தான் அவளும் காத்திருந்தாள். அது கிடைத்துவிட்டது. கிடைத்த விதத்தைப் பற்றி அவள் என்ன நினைத்தாளோ, எனக்குச் சொல்லவில்லை.

நிதியிலிருந்து கடிதம் வந்தபோது அண்ணன் லைனில் குடியேறிவிட்டான். மனு மிகத் தெளிவாகவும் கண்ணியமாகவும் எழுதப்பட்டிருப்பதாகப் பாராட்டியிருந்தார்கள். நேரில் பார்த்ததில் ஆட்கள் திடகாத்திரமாகவே காணப்பட்டபடியால், அதைவிட அவசரமான தேவைகளுக்கு நிதியைச் செலவிட வேண்டியிருப்பதாகவும் வருந்தியிருந்தார்கள். அண்ணனிடம் படித்துக் காட்டினேன். பாராட்டை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னான். பிறகு லைன் முழுக்க அதையே சொல்லிக்கொண்டு திரிந்தான். "எந் தம்பி இங்கிலீஷ்ல ஒரே ஒரு பக்கம்தான் எழுதினான். கேப்டன் வண்டி கட்டிகினு வந்து என்னை வேலைக்குக் கூப்பிட்டாரு." கேட்டவர்கள் என்னைப் பார்த்தால் கும்பிட்டார்கள். எனக்கு அந்தப் பக்கம் தலைகாட்டவே கூச்சமாக இருந்தது.

மிச்சப் பனிக்காலம் முழுக்க அவன் இறங்கினான். நான் வழியை மாற்றிக்கொண்டு சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்துப் பக்கமாகச் சுற்றிப் போய்ப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. மறுபடியும் பழைய வழியே வந்தேன். கேஜ் இறங்கும்போது கேட்கிற இருமல்களில் அவனுடையது எது என்று எனக்குத் தெரியும். அது கேட்டால், இன்றைக்கு இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு வகுப்புக்குப் போவேன். ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்தவன் மறுநாள் சுரங்கத்துச் சங்கு ஊதியும் எழுந்திருக்கவில்லை. வேலை போய் மேட்டடியில் கிடந்த காலத்தில்கூடச் சங்குக்கு எழுந்து உட்கார்ந்தவன் அவன். அண்ணி தொட்டுப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லியனுப்பினாள்.

அடக்கம் செய்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தோம். அண்ணியைப் பெண்கள் முன்பே அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். யாரோடும் பேசப் பிடிக்காமல் நான் பின்தங்கி நடந்தேன். எனக்கும் பின்னால் ஒருவர் நடந்து வருவது தெரிந்தது. அண்ணனோடு துளை போட்டவர், சில வாரங்களுக்கு முன் பிரம்பு தொட்டு ஒதுக்கப்பட்டவர். துக்கம் சொல்ல வருகிறார் என்று நின்றேன்.

"வாத்தியாரே, இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். ஒங்க அண்ணனுக்கு எழுதனீங்களே, அதே மாதிரி எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க."

அவருடைய ஒரு கன்னம் உப்பியிருந்தது. இடுகாட்டிலிருந்து அதுவரை அவர் ஒருமுறைகூட இருமவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் முன்னாலுமா என்று நினைத்தேன்.

"ஐயா, நான் கேப்டன் இல்லை. இங்கே யாரும் இல்லை. சுக்கைத் துப்பிவிட்டு இருமுங்கள்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கண்ணில் நீர் முட்டியது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எனக்கு எதிரே நேராக நின்றார்.

"இல்லீங்க வாத்தியாரே. நல்லாத்தான் கீறேன்."